தொட்டிக்குள் போட்ட செம்புக் குழாய்

அன்புள்ள கண்ணு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது கையில் விசிறி, வலது கையில் பேனா, அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போன கரண்டு இன்னும் வரவில்லை. கூடத்தில் உன் அம்மாவின் மீன்தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தண்ணீரின் மேல் விசிறியபடியே எழுதுகிறேன். தொட்டியில் ஒட்டியிருக்கும் தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு காட்டுகிறது. தார்சுக் கூரை போட்ட வீடு எப்படிக் காயும் என்று உனக்குத் தெரியாததல்ல. போன வாரம் மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அதற்கும் கூடம் அடங்கவில்லை.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பக்கம் சுற்றி வளைத்துவிட்டு, சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ புனேயிலிருந்து பட்டறைப் போனில் கூப்பிட்டு, "அப்பா, அம்மாவோட மீனெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாய். "நல்லா இருக்குது சாமி, நீயே வந்து பாரு" என்றேன். அது பொய். அன்றைக்குத் தொட்டியில் நான்குதான் மிச்சம். அதற்கு முந்தின ஞாயிறும் அதையேதான் கேட்டாய், அதையேதான் சொன்னேன். அன்றைக்குப் பதினொன்று. நீ கார்த்திகையில் என்னிடம் விட்டுவிட்டுப் போனது பதினேழு. இன்றைக்கு, இந்த நிமிடத்தில், ஒன்றே ஒன்று. மற்றவற்றைக் கொன்றது வெயில் இல்லை கண்ணு. நான்தான்.

நீ இன்னும் பன்னிரண்டு நாளில் வருகிறாய். தொட்டியை மீன்களோடு எடுத்துப்போய் உன் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாய். ரயிலில் மீன் கொண்டுபோக என்ன டப்பா வேண்டும் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறாய். நீ வந்து நின்று, காலித் தொட்டியைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்ப்பாயே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா விஷயத்தில் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டாய். இரண்டாவது முறையும் பார்த்தால் நீ இந்த ஊட்டுப் படி ஏற மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். உன் குரலைக் கேட்டதும் இந்த நாக்கு தானாக "நல்லா இருக்குது" என்று சொல்லிவிடுகிறது. முப்பது வருடமாக மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் "நாளைக்கு ரெடியாயிருமுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு.

உன் அம்மா எப்படி இந்தத் தொட்டியை வெயிலில் காப்பாற்றினாள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நேற்றுவரை நினைவே இல்லை. அவள் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தும்தான் இருந்திருப்பேன். ஆனால் கேட்டதில்லை. மீன் வளர்ப்பது பொழுதுபோகாதவர்கள் வேலை என்பது என் எண்ணம். பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "உன் கலெக்டர் ஆபீஸ் எப்படி இருக்குது?" என்று தொட்டியைக் காட்டிக் கேலி செய்வேன். அவள் சளைத்தவளா? அந்தப் பெரிய கோல்டு பிஷ்ஷைக் காட்டி, "ஏனுங்க, இவுருதான் மேனேஜருங்க. ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் வெரட்டிக்கிட்டுத் திரியறாரு. எனக்கு ஊட்டுல ரெண்டு மேனேஜருங்க" என்பாள். அன்றிலிருந்து அந்த மீனுக்கு அதுதான் பெயர். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு முன்னால் மேனேஜர் சாப்பிட்டாரா என்றுதான் பார்ப்பாள்.

அவள் போன பிறகு வந்த முதல் வெயில் இது. பங்குனி பாதியிலேயே தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டிவிட்டது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சூடான தண்ணீரில் காற்று நிற்காது என்று அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கைகால் ஓடவில்லை. மீன் விஷயத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "மே மாசம் வந்து எடுத்துக்கறேனுங்கப்பா, அதுவரைக்கும் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி. யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கிற சாதியா? இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கிற எவனாவது ஒரு சாமான் கெட்டுப்போனால் இன்னொருத்தனிடம் போய்க் கேட்பானா? தானே கழற்றி, தானே ஒன்று செய்து மாட்டுவான். நானும் செய்தேன்.

பக்கத்துக் கடை பிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கால் இஞ்சு செம்புக் குழாய் பத்தடி வாங்கினேன். ஒரு பைப்பின்மேல் வைத்து ஸ்பிரிங் மாதிரி சுற்றினேன். ஒரு நெளிசல் விழாமல் சுற்றினேன், உனக்குச் சொல்லவேண்டும், கையில் இன்னும் தொழில் இருக்கிறது. அதைத் தொட்டிக்குள் இறக்கினேன். அலமாரி மேல் ஒரு மண்பானையில் ஐஸ் போட்ட தண்ணீர், அங்கிருந்து ரப்பர் குழாய், குழாய் வழியாகச் சில்லென்ற தண்ணீர் செம்புச் சுருளுக்குள் ஓடி மறுபக்கம் பக்கெட்டில் விழும். தொட்டித் தண்ணீரோடு கலக்காது. ஐஸை நேராகப் போட்டால் மீன் செத்துப்போகும் என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது பார். உள்ளே இறக்குவதற்கு முன்னால் குழாய் சுத்தமாக இருக்கட்டும் என்று, அம்மா பூஜைச் சொம்பு விளக்குவாளே, அதேபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. அரை மணி நேரத்தில் முப்பத்திமூன்று இருபத்தெட்டாக இறங்கியது. மீன்களெல்லாம் கீழே போய்ச் சாவகாசமாக நீந்தின. நான் தனியாகக் கூடத்தில் நின்று அம்மா போட்டோவைப் பார்த்து, "பாத்தியா, மேனேஜர் வேலையை?" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைகள் எல்லாம் கீழே மணலில் விழுந்து கிடந்தன. நத்தைதானே என்று அள்ளிப் போட்டேன். சனிக்கிழமை அந்தச் சின்னக் கப்பி மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. வெயில்தான் இன்னும் குறையவில்லை என்று நினைத்து, இன்னும் ஐஸ் வாங்கி வந்து, குழாயில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஓடவிட்டேன். ஞாயிறு நீ கூப்பிட்டாய். திங்கட்கிழமை பொறுக்கமுடியாமல் செத்த மீன் ஒன்றையும் மணலில் மிச்சம் கிடந்த நத்தைகளையும் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு டவுன்ஹால் பக்கம் இருக்கிற வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, மொதல்ல செத்தது மீனுங்களா, நத்தைங்களா?"

"நத்தைதானுங்க."

"தொட்டிக்குள்ள ஏதாச்சும் போட்டீங்களா? மருந்து, இரும்பு, செம்பு, அந்த மாதிரி?"

செம்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணில் வந்தது. இருந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஒண்ணும் போடலைங்க." அவர் நம்பிவிட்டார். வேறென்ன செய்வார், பெரிய மனிதர் சொல்கிறார் என்று. "அப்ப சூடாத்தானுங்க இருக்கும், மூடியத் தெறந்து வெச்சு பேனைப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். தினமும் விடிந்ததும் ராத்திரி வைத்த செம்புச் சொம்புத் தண்ணீர்தானே முதலில் குடிக்கிறேன்? உடம்புக்கு நல்லது என்று என் அப்பா காலத்திலிருந்து குடிக்கிறோமே. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித்தானே உன்னைப் படிக்கவைத்தேன்? எனக்குச் சோறு போட்ட செம்பு ஒரு மீனை என்ன செய்துவிடும்? குழாயை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. எடுத்தால் சூடு ஏறிவிடுமே என்று ஒரு சாக்கு. சரியாகச் சொன்னால், எடுத்தால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே, அதுதான்.

வியாழக்கிழமை ஆறுதான் மிச்சம். அன்றைக்குத்தான் குழாயை வெளியே தூக்கினேன். புளி போட்டு மின்னிய குழாய் கறுத்து, வளைவுகளில் பச்சை பூத்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நம்ம சிறுவாணித் தண்ணிங்கண்ணா. உப்பே கிடையாது, அத்தனை மெதுத் தண்ணி. அதுல செம்பு சீக்கிரமா எறங்கிருமுங்க. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. மீனுக்குச் செவுளை அரிச்சுப்போடும். நத்தை மொதல்ல போகுங்க. திங்கக்கெழமையே நீங்க சொல்லியிருந்தீங்கன்னா அஞ்சாறு மீனாவது நின்னிருக்குமுங்க."

நான் அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. ஐம்பத்தெட்டு வயது ஆள், மீன் கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது மீனுக்காக மட்டும் இல்லை. "திங்கக்கெழமையே சொல்லியிருந்தீங்கன்னா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கேட்டது உன் குரல். போன புரட்டாசியில் உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்து டிரெய்னிங்கில் இருந்தாய். ஞாயிறு ஞாயிறு கூப்பிடுவாய். "அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி, வேற ஒண்ணுமில்லை" என்றேன். அடுத்த ரிப்போர்ட் நன்றாக வரும், வந்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அடுத்த ரிப்போர்ட் அதைவிட மோசம். அப்போது அதற்கடுத்ததற்குக் காத்திருந்தேன். உன் அம்மாவே கேட்டாள், "ஏனுங்க, பையனுக்குச் சொல்லீட்டீங்களா?" என்று. அவளிடமும் "சொல்லியாச்சு, லீவு கெடைச்சதும் வாரேன்னான்" என்றேன். அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அவள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவு தப்பி ஒரு நாள் ஆகியிருந்தது. சேதி தெரிந்தும் நீ வராமல் இருந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் கண்ணை மூடினாள். அந்தப் பாவம் உன்னுடையது இல்லை, என்னுடையது. உனக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டால் இதையும் நான் பொறுக்கி ஒதுக்கியதாக ஆகும்.

காரியம் முடிந்து நீ கிளம்பும்போது ரயில்வே ஸ்டேஷனில் என்ன சொன்னாய்? "இனியாவது நல்ல சேதியா மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எனக்குச் சொல்லாதீங்கப்பா. எனக்கு எல்லாத்தையும் சொல்லுங்க." அதற்குப் பிறகுதான் மீனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். இரண்டிலும் நான் தோற்றுவிட்டேன், ஆறு மாதத்துக்குள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் இருந்துவிட்டதால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். என் கை உனக்கு வந்திருக்கிறது, அது எனக்குச் சந்தோஷம்தான். சின்ன வயதிலேயே ரேடியோவைக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டியவன் நீ. ஆனால் வீட்டில் ஒருவருக்குத் துன்பம் என்றால் முதலில் ஸ்பேனரைத் தேடாதே. போய்க் கேள். தெரியவில்லை என்று சொல். பயமாக இருக்கிறது என்று உன் பெண்டாட்டியிடம் சொல். நான் உன் அம்மாவிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேன் ரெகுலேட்டரைக் கழற்றி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன்.

குழாயை எடுத்த பிறகு தண்ணீரை மாற்றவேண்டும் என்றார் கடைக்காரர். நமக்கோ மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். அதையும் பிளீச்சிங் வாசம் போக ஒரு நாள் டிரம்மில் திறந்துவைத்துத்தான் ஊற்றவேண்டும். நான் பக்கத்து ஊடுகளில் எல்லாம் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "மீனுக்குங்களா?" என்று சிரித்தார்கள். ஆமாங்க, மீனுக்குத்தான் என்றேன். கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அப்படியும் ஆறு நான்கானது, நேற்று இரண்டு, இன்று காலையில் ஒன்று. செவுள் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது, அதனால் சூடு தாங்கமாட்டேன் என்கிறது.

நேற்று அம்மாவின் பீரோவில் பழைய துணி தேடும்போது என் பழைய வேட்டி ஒன்று கிடைத்தது. நாலாக மடித்து, ஓரமெல்லாம் பாசிக் கறை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சித்திரை மாதமானால் அவள் இதை நனைத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றி, மூடியைத் திறந்துவைத்து, தொட்டி லைட்டை அணைத்துவிடுவாள். காற்று பட்டுத் துணி காயக் காயத் தண்ணீர் குளிரும். அவ்வளவுதான் அவள் வித்தை. ஒருநாள் பட்டறைக்குக் கட்டிப்போக நான் அந்த வேட்டியைத் தேடி, தொட்டியில் சுற்றியிருந்ததைப் பார்த்துக் கத்து கத்து என்று கத்தினேன். "மீனுக்கு வேட்டி கட்டறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றேன். நீயும் அப்போது சிரித்தாய். அவளும்தான் சிரித்தாள். வழி என் கண்ணெதிரே இத்தனை வருடம் சுற்றிக் கிடந்திருக்கிறது, நான் பத்தடி செம்புக் குழாய் வாங்கப் போனேன்.

இப்போது அந்த வேட்டியைத்தான் சுற்றியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்கிறேன். கரண்டு இருந்தால் டேபிள் பேன் வீசும், குமிழி விடுகிற மோட்டாரும் ஓடும். இல்லாததால் என் கை விசிறுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் குளிர்காற்று வர இன்னும் மூன்று வாரமாவது ஆகும். அதுவரை என் கை தாங்குமா, மேனேஜர் தாங்குவாரா தெரியவில்லை. ஆம், மிச்சம் இருப்பது அவர்தான். எல்லாரையும் விரட்டியவர் இப்போது தனியாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். நான் விசிறுவதை நிறுத்தினால் கொஞ்சம் சாய்கிறார். விசிறினால் நிமிர்கிறார். ஏ சாமி, இது ஒன்றையாவது எனக்கு விட்டுவை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேரூர் ரோட்டுத் தபால் பெட்டியை நாலு மணிக்கு எடுப்பார்கள். போய் வரப் பதினைந்து நிமிடம் ஆகும். ஊட்டில் வேறு ஆள் இல்லை. அந்தப் பதினைந்து நிமிடம் விசிற யாரும் இருக்கமாட்டார்கள். நாளைக்குப் போட்டால் என்ன, ராத்திரி குளிர்ந்துவிடும், மேனேஜர் பிழைத்துவிட்டால் "ஒன்றாவது பிழைத்தது" என்று ஒரு வரி சேர்த்து எழுதலாமே என்று மனது சொல்கிறது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று சொன்ன குரல் அது.

அதனால் போகிறேன். நீ வா கண்ணு. தொட்டி காலியாக இருந்தாலும் வா. கோபம் இருந்தால் கோபத்தோடு வா, என்னைத் திட்டு, பேசாமல் உட்கார்ந்திரு, ஆனால் வா. வராமல் மட்டும் இருந்துவிடாதே. ஞாயிறு நீ கூப்பிடும்போது நீ கேட்கும்வரை காத்திருக்கமாட்டேன். போனை எடுத்ததும் மேனேஜர் இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

மணி மூன்று நாற்பது. கரண்டு வரவில்லை. முப்பத்திரண்டரை. வேட்டியை நன்றாக நனைத்துச் சுற்றிவிட்டேன். அவர் இன்னும் வாயைத் திறந்து மூடுகிறார். திரும்பி வரும்போது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே இந்தக் கடிதத்தை ஒட்டுகிறேன். விசிறியைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் அப்பா